குழந்தையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா?

62 குழந்தைகள். பிறக்கும்போதே நோயை எதிர்க்கும் சக்தி இல்லாமல் பிறந்தவர்கள். சாதாரண ஜலதோஷம் வந்தாலே அவர்கள் உயிருக்கு அபாயம். சிகிச்சை கிடைக்காவிட்டால், இரண்டாவது பிறந்த நாளைக் காண்பதே அரிது.

அந்த 62 பேரும் உயிரோடு இருக்கிறார்கள்!

2025 அக்டோபர் மாதத்தில் இந்தச் செய்தி வெளியாயிற்று. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 2012-ம் ஆண்டு முதல் 2019 வரை அந்தக் குழந்தைகளுக்குச் சிகிச்சை நடந்தது. அவர்களுடைய எலும்பில் ஊறும் ரத்த அணுக்களை எடுத்தார்கள். அவற்றில் இருந்த பழுதைத் திருத்தினார்கள். மறுபடியும் உடம்பில் செலுத்தினார்கள். 62 பேரில் 59 பேருக்கு அது பலித்துவிட்டது. மீதி 3 பேர் வேறு சிகிச்சையால் பிழைத்தார்கள்.

இது மருந்துக் கடையில் வாங்கிச் செய்த சிகிச்சை அல்ல. ஆராய்ச்சி! பெற்றோர் சம்மதித்து, தங்கள் குழந்தைகளை ஆராய்ச்சியில் சேர்த்தார்கள்.

"ஆராய்ச்சி" என்ற சொல்லைக் கேட்டாலே, தாய்க்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். "என் பிள்ளை என்ன, சோதனை எலியா?" என்று கேட்பாள். நியாயமான கேள்விதான்.

இதற்கு என்ன பதில்? கடந்த 60 ஆண்டுகளுக்கு மேலாக நடந்ததைப் பார்த்தால், பதில் தானே தெரியும்.

நல்லி எலும்புக்குள்ளே

கறிக்கடையில் நல்லி எலும்பைக் கேட்டு வாங்குவார்கள். சமைத்து, தட்டி உறிஞ்சினால், உள்ளே இருந்து மெத்தென்று ஒரு பொருள் வரும். அதற்கு மஜ்ஜை என்று பெயர்.

மனிதனுடைய எலும்புக்குள்ளும் மஜ்ஜை இருக்கிறது. ரத்தம் ஊறும் இடம் அதுதான். ரத்தத்தில் உள்ள ஒரு சிவப்பு அணு சுமார் 120 நாள் உயிர் வாழும். பிறகு அழிந்துவிடும். ஆகவே நாள்தோறும் புது ரத்தம் ஊறிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படி ஊறச் செய்வது எது? மஜ்ஜையில் உள்ள மூல அணுக்கள். டாக்டர்கள் இவற்றை "ஸ்டெம் செல்" என்று சொல்லுகிறார்கள். விவசாயி வீட்டில் விதைநெல் எப்படியோ, ரத்தத்துக்கு ஸ்டெம் செல் அப்படி.

விதைநெல் கெட்டுப்போனால் விளைச்சல் கெடும். ஸ்டெம் செல்லில் பழுது இருந்தால், ஊறுகிற ரத்தம் எல்லாம் பழுதாகவே இருக்கும்.

தலசீமியா என்ற வியாதி அப்படிப்பட்டது. அந்த வியாதி உள்ள குழந்தைக்கு நல்ல ரத்தம் ஊறாது. சில வாரத்துக்கு ஒரு முறை பிறர் ரத்தம் ஏற்ற வேண்டும். இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 10 ஆயிரம் குழந்தைகள் இந்த வியாதியோடு பிறக்கிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சில வகை ரத்தப் புற்றுநோய்களும் மஜ்ஜையில்தான் தொடங்குகின்றன.

இந்த வியாதிகளை வேரோடு போக்க ஒரு வழி உண்டு. கெட்ட விதையை அழித்துவிட்டு, நல்ல விதையைப் போட வேண்டும்.

உழவும் நடவும்

முதலில், கடுமையான மருந்து கொடுத்துக் குழந்தையின் பழைய மஜ்ஜையை அழிப்பார்கள். சிலருக்கு உடம்பு முழுவதும் கதிர்வீச்சு கொடுப்பது உண்டு. இது வயலை உழுது களை எடுப்பதைப் போன்றது.

பிறகு, இன்னொருவர் கொடுத்த ஸ்டெம் செல்லைச் செலுத்துவார்கள். இதற்குக் கத்தி வேண்டாம், தையலும் வேண்டாம். ரத்தம் ஏற்றுவதைப் போலவே, ஒரு பையில் தொங்கவிட்டு நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அந்த அணுக்கள் தாமாகவே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய்க் குடியேறிவிடும்!

புது மஜ்ஜை வேர் பிடிக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தியே கிடையாது. தனி அறையில் வைத்துக் காப்பார்கள்.

கொடுப்பவருக்கு நஷ்டம் உண்டா? இல்லை. இடுப்பு எலும்பில் இருந்தோ, கை நரம்பில் இருந்தோ எடுப்பார்கள். எடுத்தது சில வாரத்தில் மறுபடியும் ஊறிவிடும்.

ஆனால் ஓர் ஆபத்து இருக்கிறது. "ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிற்று" என்பார்கள். அதேபோல, புதிதாக வந்த அணுக்கள் குழந்தையின் உடம்பையே எதிரி என்று எண்ணித் தாக்கும். தோல், குடல், ஈரல் ஆகியவை பாதிக்கப்படும். சில சமயம் உயிரே போய்விடும்.

பலன் பெரிது. அபாயமும் பெரிது. அதனால்தான் இதில் இவ்வளவு ஆராய்ச்சி நடக்கிறது.

யாருடைய மஜ்ஜை?

அமெரிக்க டாக்டர் டொனால் தாமஸ், 1957-ம் ஆண்டில் தம்முடைய முதல் முயற்சியின் விவரத்தை வெளியிட்டார். 6 நோயாளிகளுக்கு மஜ்ஜை ஏற்றினார். ஒருவர்கூட 100 நாளைத் தாண்டவில்லை. "இது நடக்காத காரியம்" என்று பலர் கைவிட்டார்கள். தாமஸ் விடவில்லை.

ஏன் தோல்வி? ரத்தத்துக்குப் பிரிவு இருப்பதைப்போல, உடம்பின் அணுக்களுக்கும் ஓர் அடையாளம் இருக்கிறது. அந்த அடையாளம் பொருந்த வேண்டும். இது அப்போது சரியாகத் தெரியாது. பிரெஞ்சு டாக்டர் ழான் டோசே 1958-ல் இதைப் பற்றிய முதல் தடயத்தைக் கண்டுபிடித்தார்.

பத்து ஆண்டு கழித்துப் பலன் கிடைத்தது. 1968-ம் ஆண்டு, அமெரிக்காவில் மின்னசோட்டா என்ற இடத்தில், ஒரு கைக்குழந்தை. எதிர்ப்புச் சக்தி இல்லாத பையன். அந்தக் குடும்பத்தில் அதற்கு முன்பே பல ஆண் குழந்தைகள் இறந்திருந்தன. டாக்டர் ராபர்ட் குட் என்பவர், அந்தக் குழந்தைக்கு அக்காளின் மஜ்ஜையை எடுத்து ஏற்றினார். அக்காளின் அடையாளம் தம்பிக்குப் பெரும்பாலும் பொருந்தியிருந்தது. குழந்தை பிழைத்துவிட்டான்!

ஆரம்பத்தில் தோற்ற டாக்டர் தாமசுக்கு, 1990-ம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

உடன்பிறந்தவர் மஜ்ஜை எல்லோருக்கும் பொருந்திவிடுமா? பொருந்தாது. ஓர் அண்ணனோ தங்கையோ பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்புத்தான். ஒரே பிள்ளையாக இருந்தால் அதுவும் இல்லை. தாயும் தகப்பனும் சாதாரணமாகப் பாதிதான் பொருந்துவார்கள்.

பாதி பொருத்தத்தை வைத்துச் சமாளிக்கவும் ஆராய்ச்சி வழி கண்டது. மஜ்ஜை ஏற்றிய மூன்றாம் நாளும் நான்காம் நாளும், பழைய புற்றுநோய் மருந்து ஒன்றைக் கொடுத்தால், சண்டை போடும் அணுக்கள் அடங்கிவிடுகின்றன. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர்கள் இந்த முறையின் பலனை 2008-ல் வெளியிட்டார்கள். பல குழந்தைகளுக்கு இப்போது பெற்றவர்களே மஜ்ஜை கொடுக்க முடிகிறது.

எப்போது செய்வது?

இத்தாலி நாட்டில் பெசாரோ என்று ஓர் ஊர். அங்கே டாக்டர் கைடோ லுக்கரெல்லி என்பவர் தலசீமியா குழந்தைகளுக்கு மஜ்ஜை மாற்றிக்கொண்டிருந்தார். சிலர் எளிதில் பிழைத்தார்கள். சிலர் இறந்தார்கள். ஏன் இந்த வித்தியாசம்?

அவர் ஒவ்வொரு குழந்தையின் விவரத்தையும் கணக்கெடுத்தார். விடை ஈரலில் இருந்தது!

அடிக்கடி ரத்தம் ஏற்றினால் உடம்பில் இரும்புச் சத்து சேர்ந்துகொண்டே போகும். அதை மருந்து கொடுத்து வெளியேற்ற வேண்டும். வெளியேற்றாவிட்டால் ஈரல் வீங்கும், கெட்டியாகும். ஈரலின் நிலையையும், மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டார்களா என்பதையும் வைத்து, குழந்தைகளை அவர் மூன்று வகுப்பாகப் பிரித்தார்.

1990-ல் அவர் வெளியிட்ட கணக்கு இது. முதல் வகுப்புக் குழந்தைகளில் 100-க்கு 94 பேர் பிழைத்தார்கள். இரண்டாம் வகுப்பில் 80 பேர். மூன்றாம் வகுப்பில் 61 பேர்தான்.

இதன் பொருள் எல்லோருக்கும் விளங்கும். ஈரல் கெடுவதற்கு முன்பே, சிறு வயதிலேயே மஜ்ஜை மாற்ற வேண்டும். "பிள்ளை கொஞ்சம் வளரட்டும்" என்று தள்ளிப்போட்டால் அபாயம் கூடும்.

இந்த ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 1986-ம் ஆண்டு மஜ்ஜை மாற்றும் சிகிச்சை தொடங்கிற்று. இத்தாலியில் வகுத்த மூன்றாம் வகுப்பு, இந்தியக் குழந்தைகளுக்குப் போதாது என்று வேலூர் டாக்டர்கள் கண்டார்கள். 7 வயதுக்கு மேல் ஆகி, ஈரலும் மிகவும் வீங்கியிருந்தால், அந்தக் குழந்தைகளுக்கு அபாயம் இன்னும் அதிகம். இங்கே பலர் தாமதமாகத்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். ஆகவே, அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு ட்ரியோசல்பான் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் முன்பைவிட நன்றாக இருந்தது. 2013-ல் அதை வெளியிட்டார்கள்.

மேல்நாட்டுக் கணக்கை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. நம் பிள்ளைகளை வைத்து நாமே கணக்கெடுத்தால்தான், நமக்கு ஏற்ற வழி தெரியும்.

இரக்கம் ஏமாற்றியது

இனி வருவது, மிக முக்கியமான ஓர் ஆராய்ச்சி.

குழந்தைகளுக்கு அதிகமாக வரும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய் உண்டு. மருந்துக்குக் கட்டுப்படாதபோது மஜ்ஜை மாற்றுவார்கள். அதற்கு முன் உடம்பு முழுவதும் கதிர்வீச்சு கொடுப்பது பழைய வழக்கம்.

ஆனால் கதிர்வீச்சு பொல்லாதது. பின்னால் வளர்ச்சி குறையலாம். கண்ணில் புரை விழலாம். பெரியவர்கள் ஆனதும் பிள்ளைப் பேறு இல்லாமல் போகலாம். வேறு புற்றுநோயும் வரலாம்.

"பச்சைக் குழந்தைகளை இப்படி வாட்ட வேண்டுமா? கதிர்வீச்சுக்குப் பதிலாக மருந்தை மட்டும் கொடுத்தால் என்ன?" என்று டாக்டர்கள் நினைத்தார்கள். நல்ல எண்ணம். மருந்தும் சரிசமமாகப் பலன் தரும் என்றே பலர் நம்பினார்கள்.

நம்பினால் போதுமா? சோதித்துப் பார்க்க முடிவு செய்தார்கள். 2013-ம் ஆண்டு சோதனை தொடங்கிற்று. ஆஸ்திரியா நாட்டின் தலைநகரான வியன்னாவைச் சேர்ந்த டாக்டர் கிறிஸ்டினா பீட்டர்ஸ் தலைமை வகித்தார். 35 நாடுகளில் 88 ஆஸ்பத்திரிகள் சேர்ந்தன. 4 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் 400 பேருக்கு மேல் பங்கு பெற்றார்கள்.

யாருக்குக் கதிர்வீச்சு, யாருக்கு மருந்து? சீட்டுக் குலுக்கிப் போடுவதைப்போல முடிவு செய்தார்கள்!

"டாக்டர் முடிவு செய்ய வேண்டியதைச் சீட்டுக் குலுக்கியா முடிவு செய்வது?" என்று கேட்கத் தோன்றும். காரணம் இருக்கிறது. டாக்டரே தேர்ந்தெடுத்தால், தெம்பான பிள்ளையை ஒரு பக்கமும், மெலிந்த பிள்ளையை ஒரு பக்கமும் தம்மை அறியாமலே சேர்த்துவிடுவார். அப்புறம் கணக்கு தப்பாகிவிடும். எது சிறந்தது என்று உண்மையாகவே யாருக்கும் தெரியாதபோதுதான் இப்படிச் செய்யலாம். தெரிந்த பிறகு செய்தால் அது அநியாயம்.

நடுநடுவே தனிக் குழு ஒன்று கணக்குப் பார்த்தது. 2019-ல் சீட்டுக் குலுக்குவது நிறுத்தப்பட்டது.

என்ன காரணம்? கதிர்வீச்சு பெற்றவர்களில், இரண்டு ஆண்டு கழித்து 100-க்கு 91 பேர் உயிரோடு இருந்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 75 பேர்தான் இருந்தார்கள். நோய் திரும்பி வந்ததும் மருந்துப் பக்கத்தில்தான் அதிகம்.

100-க்கு 16 உயிர் வித்தியாசம்!

இந்தச் சோதனை நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? டாக்டர்கள் இரக்கப்பட்டு, எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்தையே கொடுக்கத் தொடங்கியிருப்பார்கள். ஒவ்வொரு 100 குழந்தைகளிலும் 16 பேர் கூடுதலாக இறந்திருப்பார்கள். யாருக்கும் காரணம் தெரிந்திருக்காது. "விதி" என்று சொல்லியிருப்பார்கள்.

அப்படியானால், மருந்துப் பக்கம் விழுந்த குழந்தைகளின் கதி? அதை மறைக்கக் கூடாது. அவர்களில் சிலர், எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். அந்தப் பெற்றோரின் வேதனைக்கு ஆறுதல் இல்லை. ஆனால் அன்று அது யாருக்கும் தெரியாது. தெரிந்த உடனே நிறுத்தினார்கள். அவர்களுக்குப் பிறகு வரும் குழந்தைகள் எல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குக் கடன்பட்டவர்கள்.

திருத்தியதே வினையானது

இன்னொரு பாடம் பாரீஸ் நகரில் கிடைத்தது.

பிறர் மஜ்ஜை பொருந்தாவிட்டால், குழந்தையின் சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்துத் திருத்தினால் என்ன? இந்த யோசனையோடு 1999-ம் ஆண்டில், பாரீஸ் நெக்கர் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி தொடங்கினார்கள். எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைகளின் அணுக்களுக்குள், நல்ல மரபணுவைச் செலுத்தினார்கள். அதைச் சுமந்து செல்லும் வண்டியாக, ஒரு வைரஸ் கிருமியைப் பழக்கிப் பயன்படுத்தினார்கள்.

2000-ம் ஆண்டில் வெற்றிச் செய்தி வந்தது. உலகமே பாராட்டிற்று.

2002-ல் இடி விழுந்தது. குணமான குழந்தைகளில் ஒருவருக்கு ரத்தப் புற்றுநோய்! பிறகு இன்னொருவருக்கு. லண்டனிலும் இதேபோன்ற சிகிச்சை நடந்தது. இரண்டு இடத்திலும் சேர்த்து 20 குழந்தைகள். அவர்களில் 5 பேருக்குப் புற்றுநோய் வந்தது. ஒரு குழந்தை இறந்துவிட்டது.

வண்டியாகப் போன கிருமி, மரபணுவை இறக்கக் கூடாத இடத்தில் இறக்கியிருக்கிறது. பக்கத்தில் இருந்த புற்றுநோய் விசையைத் தட்டிவிட்டுவிட்டது.

டாக்டர்கள் அதை மூடி மறைக்கவில்லை. உலகத்துக்குச் சொன்னார்கள். வண்டியை மாற்றி அமைத்தார்கள். 2019-ல், அமெரிக்காவில் செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரி, புது வண்டியைக் கொண்டு 8 குழந்தைகளுக்குச் செய்த சிகிச்சையின் நல்ல பலனை வெளியிட்டது. தொடக்கத்தில் கண்ட 62 குழந்தைகளுக்கும் உதவியது புது வகை வண்டிதான். பாரீசில் பட்ட அடி, அந்த 62 பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் அபாயம் அடியோடு போய்விட்டதா? இல்லை. மூளையைத் தாக்கும் வேறொரு பரம்பரை வியாதிக்கு இதேபோல் ஒரு சிகிச்சை வந்தது. அதைப் பெற்ற 67 பிள்ளைகளில் 7 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததாக 2024-ல் வெளியிட்டார்கள். ஆகவே, சிகிச்சை முடிந்து பல ஆண்டு ஆனாலும், பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சோதிக்கிறார்கள். சோதனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.

இரண்டு முறை திரும்பிய மருந்து

"ஒண்ட வந்த பிடாரி" கதை முன்பே சொல்லப்பட்டது. அந்தச் சண்டையை அடக்க, ஸ்டிராய்டு மருந்து கொடுப்பார்கள். சில குழந்தைகளுக்கு அதுவும் கேட்காது. அவர்கள் பிழைப்பது மிகவும் கஷ்டம்.

மஜ்ஜையில் உள்ள வேறொரு வகை அணுவைக் கொண்டு சண்டையை அடக்கலாம் என்று ஒரு கம்பெனி மருந்து தயாரித்தது. ரயான்சில் என்று பெயர். 54 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 28 நாளில் 38 பேருக்குக் குணம் தெரிந்தது. அதில் 16 பேருக்கு நோய்க் குறியே இல்லை.

ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க எதிர்ப்பக்கத்தில் குழந்தைகள் இல்லை. "இன்னும் சான்று வேண்டும்" என்று அமெரிக்க சர்க்காரின் மருந்து இலாகா 2020-ல் திருப்பி அனுப்பிற்று. 2023-லும் திருப்பிற்று. 2024 டிசம்பரில்தான் அனுமதி கொடுத்தது.

நான்கு ஆண்டு தாமதம்! அந்தக் காலத்தில் மருந்துக்காகக் காத்திருந்த குடும்பங்கள் தவித்தன. இருந்தாலும், சான்று கேட்காமல் விட்டால், நாளைக்கு யார் வேண்டுமானாலும் எதையாவது புட்டியில் அடைத்து "ஸ்டெம் செல்" என்று விற்பார்கள்.

அது கற்பனை அல்ல. நடந்துகொண்டே இருக்கிறது.

பெயர் ஒன்று, சரக்கு வேறு

பிறவியிலேயே கை கால் விளங்காத குழந்தைகள், பேச்சு வராத குழந்தைகள் ஆகியோரின் பெற்றோரைத் தேடி விளம்பரம் வருகிறது. "ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகிவிடும்" என்று ஆசை காட்டுகிறார்கள். நகையை விற்று, நிலத்தை அடமானம் வைத்துப் பணம் கட்டுகிறவர்கள் உண்டு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ம் ஆண்டில் வெளியிட்ட விதி தெளிவாக இருக்கிறது. ரத்த வியாதி முதலிய, ஒப்புக்கொள்ளப்பட்ட வியாதிகளுக்கு மஜ்ஜை மாற்றுவதுதான் சிகிச்சை. மற்ற வியாதிகளுக்கு ஸ்டெம் செல் கொடுப்பது ஆராய்ச்சியாக மட்டுமே நடக்கலாம். அதைச் சிகிச்சை என்று சொல்லிக் காசு வாங்கக் கூடாது.

தொப்புள் கொடி ரத்தத்தைப் பணம் கட்டிச் சேமித்து வைக்கும் வழக்கமும் பரவியிருக்கிறது. தொப்புள் கொடி ரத்தத்தில் ஸ்டெம் செல் இருப்பது உண்மை. 1988-ல் பாரீஸ் டாக்டர் எலியான் குளுக்மான், அதைக் கொண்டு ஒரு சிறுவனைப் பிழைக்க வைத்தார். ஆனால் அது அவனுடைய சொந்தக் கொடி அல்ல. அவனுக்குப் பின் பிறந்த தங்கையின் கொடி! தலசீமியா போன்ற பிறவி வியாதி வந்தால், அதே பழுது அந்தக் குழந்தையின் சொந்தக் கொடி ரத்தத்திலும் இருக்கும். ஆகவே, "பின்னால் உதவும்" என்று நம்பித் தனியாரிடம் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று, அதே 2017-ம் ஆண்டு விதியில் சொல்லியிருக்கிறார்கள்.

உண்மையான ஆராய்ச்சிக்கும் இந்த வியாபாரத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: உண்மையான ஆராய்ச்சி, தோல்வியையும் எழுதி வைத்து உலகத்துக்குச் சொல்லும். வியாபாரம் தோல்வியைச் சொல்லாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆராய்ச்சியில் சேர்க்கச் சொல்லி டாக்டர் கேட்டால், தாய் தகப்பன் என்ன செய்ய வேண்டும்? பயந்து ஓட வேண்டாம். உடனே கையெழுத்தும் போட வேண்டாம். கேள்வி கேட்க வேண்டும்.

1. சேராவிட்டால் என்ன சிகிச்சை கிடைக்கும்? அதன் பலன் எவ்வளவு?

2. இதற்கு முன் எத்தனை குழந்தைகளுக்குச் செய்தார்கள்? எத்தனை பேர் பிழைத்தார்கள்? எத்தனை பேருக்குக் கெடுதல் வந்தது?

3. இந்த ஆராய்ச்சி இந்திய சர்க்காரின் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா? 2009-ம் ஆண்டு முதல் இப்படிப் பதிவு செய்வது கட்டாயம். பதிவேட்டை யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

4. ஆராய்ச்சி மருந்துக்குப் பணம் கேட்கிறார்களா? கேட்டால் எச்சரிக்கை!

5. ஆராய்ச்சியால் கெடுதல் வந்தால் யார் பொறுப்பு? 2019-ம் ஆண்டு விதிப்படி, மருந்து ஆராய்ச்சியால் கெடுதல் வந்தால் இலவச வைத்தியம் செய்ய வேண்டும். நஷ்ட ஈடும் கொடுக்க வேண்டும்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு, அவர்களுடைய பாஷையில் விளக்கிச் சொல்ல வேண்டியது டாக்டரின் கடமை. பிள்ளைக்கு 7 வயது ஆகிவிட்டால், அவனிடமும் சொல்லி அவன் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

ஆராய்ச்சியில் இருந்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பழைய மஜ்ஜையை அழித்த பிறகு, சிகிச்சையை நடுவில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து. ஆகவே யோசிப்பதை எல்லாம் முன்பே யோசித்துவிட வேண்டும்.

விலை என்ன?

ஆராய்ச்சி வெற்றி பெற்றால் மட்டும் போதாது. அந்த வெற்றி ஏழை வீட்டுக்கும் வர வேண்டும்.

2023 நவம்பரில் இங்கிலாந்து சர்க்கார் கஸ்கெவி என்ற புது சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. தலசீமியாவுக்கும், அரிவாள் அணு வியாதிக்கும் ஆனது. மரபணுவைக் கத்தரிக்கும் புது முறை. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முதலில் அனுமதித்தார்கள். அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் சுமார் 18 கோடி ரூபாய்!

62 குழந்தைகளைக் காப்பாற்றிய சிகிச்சைக்கும் ஒரு சோதனை வந்தது. அந்த வியாதி மிகவும் அபூர்வம். வாங்குகிறவர்கள் குறைவு. உரிமை பெற்றிருந்த கம்பெனி நடுவில் கைவிட்டுவிட்டது. உரிமை மறுபடியும் பல்கலைக் கழகத்துக்கே திரும்பிற்று. பலன் தெரிந்த மருந்தும், லாபம் இல்லாவிட்டால் நின்றுபோகும்!

தலசீமியா குழந்தைக்கு உடன்பிறந்தவர் மஜ்ஜை பொருந்தினால், இவ்வளவு செலவு இல்லை. ஏழைக் குழந்தைகளுக்காக, கோல் இந்தியா கம்பெனியின் பணத்தில் 2017-ம் ஆண்டு மத்திய சர்க்கார் ஒரு திட்டம் தொடங்கிற்று. ஒரு குழந்தைக்கு 10 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். பொருத்தம் இல்லாதவர்களுக்கு, அன்னியர் யாராவது கொடுக்க முன்வர வேண்டும். அப்படி முன்வருகிறவர்களின் பெயரைப் பதியும் தாத்ரி என்ற சங்கம், 2009 முதல் சென்னையில் இருக்கிறது. பதிவு செய்யக் கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சால் துடைத்துக் கொடுத்தால் போதும்.

குழந்தையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா? கேள்வி எல்லாம் கேட்டு, பதில் எல்லாம் பெற்ற பிறகு கொடுக்கலாம். மறுப்பதற்கும் உரிமை உண்டு. மறுத்தால் டாக்டர் கோபிக்கக் கூடாது, வழக்கமான சிகிச்சையையும் குறைக்கக் கூடாது.

சம்மதிக்கிற தாய், தன் பிள்ளை பிழைக்க வேண்டும் என்றுதான் கையெழுத்துப் போடுகிறாள். அந்தக் கையெழுத்தால், முகம் தெரியாத இன்னொரு தாயின் பிள்ளைக்கும் வழி பிறக்கிறது. 1957-ல் ஒருவர்கூட 100 நாளைத் தாண்டவில்லை. 2025-ல் 62 பேரும் உயிரோடு இருக்கிறார்கள். அப்படிக் கையெழுத்துப் போட்ட பெற்றோர் இல்லாவிட்டால், இது நடந்திருக்காது.